இசைத்தட்டும் ஒலிநாடாவும்: வன்னி நிலத்தார் இசை தேர்ந்த வரலாறு

வன்னியின் வரலாறு என்றதும் பண்டாரவன்னியன் பெயரும், முல்லைத்தீவுக் கோட்டையும், இரணைமடு, முத்தையன்கட்டு முதலிய குளங்களும், அவற்றின்கீழ் எழுந்த குடியேற்றங்களுமே கற்றோர் நெஞ்சில் முன்னிற்பன. அது முறையே. ஆயினும், அக்குளங்களின் நீரால் நெல் விளைத்த மக்கள் பொழுதுபட்டபின் எவ்விசையைக் கேட்டனர், கேட்டவற்றுள் எதனைப் பொருள் கொடுத்து வாங்கித் தம் வீட்டில் வைத்தனர், எதனை வாங்காது விட்டனர் என்னும் வினாவும் வரலாற்று வினாவேயாகும். அரசாங்க அறிக்கைகளில் இதற்கு விடை கிடையாது. இசைத்தட்டின் நீளம், ஒலிநாடாவின் நீளம், மின்சாரம் வந்ததும் போனதுமான காலம், பொருள் வந்த வழி ஆகியவற்றைக் கொண்டே இதனை ஆராய்தல் வேண்டும்.

வினாவைச் சற்று நுணுக்கமாக வகுத்துக்கொள்வோமாயின் அது பின்வருமாறு அமையும். ஒருவர் ஓர் இசையமைப்பாளர்பால் பெரும் பற்றுடையவர். அவ்விசையமைப்பாளரோ நூற்றுக்கணக்கான படங்களுக்கு இசை வகுத்தவர். கையிலுள்ள பொருள் ஒரு தட்டுக்கோ ஒரு நாடாவுக்கோதான் போதும். எதனைத் தேர்வது? சென்னையிலும் கொழும்பிலும் இது சுவையையும் பணத்தையும் மட்டுமே பொறுத்த செய்தி. படத்தைக் கொட்டகையில் பார்த்தவர் அப்படத்தின் நினைவோடு அதன் இசையை வாங்குவர். வன்னியிற் பலருக்கு அவ்வாய்ப்பு இருக்கவில்லை. படத்தைக் காணாமலே அதன் இசையை மட்டும் செவியால் எடைபோட்டு வாங்கியவர் அங்கு மிகப் பலர். அவர்தம் தேர்வு, நடிகர் முகத்தாலும் கதையாலும் மயங்காத தேர்வு. இவ்வொரு காரணத்தாலேயே அது இசை வரலாற்றார் கவனத்திற்கு உரியதாகின்றது.

இந்திய நாட்டில் 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் இசைத்தட்டுக்கான ஒலிப்பதிவு தொடங்கியது. அதன்பின் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அரக்குத் தட்டே எங்கும் வழங்கியது. பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்திற்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். கோயில் வீதியில் மணிக்கணக்காகத் தோடி வாசித்த திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளை அதனைத் தட்டுக்காகச் சில நிமிடங்களுட் சுருக்கித் தரவேண்டியவரானார். இச்சுருக்கம் இசைக்குக் கேடு செய்தது என்பார் உளர். எங்கோ ஒரு காட்டோரக் குடியிருப்பில் இருந்தவன் அவ்விசையைக் கேட்பதற்கு வேறு வழி இருக்கவில்லை என்பதையும் உடன் எண்ணுதல் தகும்.

அக்காலத்துத் தட்டுக்களைக் கேட்டு வாங்கியவர், பாடுவோர் பெயராலேயே கேட்டனர். கிட்டப்பா தட்டு, சுந்தராம்பாள் தட்டு, பாகவதர் தட்டு என்பனவே வழக்கு. பாகவதரின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றிற்கு ஜி. இராமநாதன் இசை வகுத்திருந்தும், இராமநாதன் தட்டு என்று எவரும் கடையிற் கேட்டதில்லை. இசையமைப்பாளர் என்பவர் அந்நாளில் பின்கட்டில் இருந்தவர். எனவே, ஓர் இசையமைப்பாளரின் படைப்புக்களுள் எதனைத் தேர்வது என்னும் வினா அப்போது எழவேயில்லை.

வன்னியில் 1930களுக்குப் பின்னரே கிளிநொச்சிப் பகுதியிற் பெருங் குடியேற்றங்கள் தோன்றின. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிய குடும்பங்களில் கிராமபோன் பெட்டி அரிய பொருளாகவே இருந்தது. ஆனால் அப்பெட்டிக்கு ஒரு சிறப்புண்டு. அது வில்முறுக்கால் இயங்குவது, மின்சாரம் வேண்டாதது. ஊசி மட்டும் அடிக்கடி மாற்றல் வேண்டும். பின்னாளில் மின்சாரமும் பற்றறியும் அற்றுப்போன காலத்தில், இப்பழைய பெட்டிகளுட் பழுதாகாதவை எத்தனை என்று எண்ணி ஏங்கியவர் இருந்திருப்பின் அதில் வியப்பில்லை.

வன்னியில் இசையைத் தேர்ந்த முதலாவது மனிதர் எவர் என்று வினவின், ஒலிபெருக்கிக்காரரையே சுட்டுதல் வேண்டும். கோயில் திருவிழா, திருமணம், பூப்புநீராட்டு விழா யாவற்றிற்கும் குழாய்வடிவ ஒலிபெருக்கியை மரத்திற் கட்டி, மின்பிறப்பாக்கியை இயக்கித் தட்டுச் சுழலவிட்டவர் அவர். அவரது தட்டுப்பெட்டியே ஊரின் இசை நூல்நிலையம். முதலில் விநாயகர் மீதான பாடல்; அடுத்துச் சீர்காழி கோவிந்தராஜனும் டி. எம். சௌந்தரராஜனும் பாடிய பக்திப்பாடல்கள், மணவீடாயின் நாதசுரம், பின்னரே திரைப்பாடல், நள்ளிரவை அண்மியபோது கதைவசனம். இவ்வொழுங்கிற்கு ஏற்ற தட்டுக்கள் தம்மிடம் இருத்தல் வேண்டும் என்பதே அவர் கொள்முதலின் அளவுகோல். தமக்குப் பிடித்ததை அவர் வாங்கவில்லை. ஊருக்கு வேண்டியதை வாங்கினார். 1962இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு காருகுறிச்சி அருணாசலத்தின் நாதசுரம் இணைந்த பாடலும், 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்திற்காக மதுரை சேதுராமன் – பொன்னுச்சாமி சகோதரர் வாசித்தவையும் மணவீட்டுக்கும் திரைச்சுவைக்கும் ஒருங்கே பொருந்தியவை. முன்னதற்கு இசை எஸ். எம். சுப்பையா நாயுடு; பின்னதற்குக் கே. வி. மகாதேவன்.

இசையமைப்பாளர் பெயரைப் பின்கட்டிலிருந்து முன்றிலுக்குக் கொணர்ந்த பெருமையில் இலங்கை வானொலிக்குப் பெரும்பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படையினருக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்பி போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை தொடங்கியது. எஸ். பி. மயில்வாகனம் முதலாய அறிவிப்பாளர்கள் பாடலுக்கு முன்னோ பின்னோ படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எனச் சொல்லும் வழக்கத்தைப் பேணினர். நாள்தோறும் கேட்டுக் கேட்டு, விசுவநாதன் – இராமமூர்த்தி என்னும் இணைப்பெயர் பள்ளிச் சிறுவர்க்கும் மனப்பாடமாயிற்று. அவ்விருவரும் 1965இற் பிரிந்தபின் வந்த பாடல்களைக் கேட்டு, இது விசுவநாதன் தனித்து இசைத்தது என்று பிரித்துச் சொல்லும் செவித்திறன் வானொலியாலேயே வளர்ந்தது. திரான்சிஸ்ரர் வானொலி பரவியபின் வயற்காவற் கொட்டிலிலும் இப்பயிற்சி நடந்தது. பன்றிக்கும் யானைக்கும் விழித்திருந்த கமக்காரனுக்கு வானொலியைவிட நல்ல துணை வேறில்லை.

எனினும், கேட்டலும் வாங்கலும் வேறு. 1970 முதல் 1977 வரை இருந்த இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் வெளிநாட்டுப் பொருள்கள் அருகின. அதே கட்டுப்பாடுகளால் மிளகாய்க்கும் வெங்காயத்திற்கும் நல்ல விலை கிடைத்தது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய இடங்களிற் குடியேறிய இளைஞர் கையிற் பணம் புழங்கிற்று. பணம் உண்டு, வாங்கும் பொருள் இல்லை என்னும் விந்தையான நிலை அது. 1977இன் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டபோது யப்பானில் செய்த ஒலிநாடாக் கருவிகள் வந்து குவிந்தன. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய சிறு ஒலிநாடா, மக்கள் வாயிற் கசெற் எனப்படுவது, இவ்வாறு ஏறக்குறையப் பதினைந்து ஆண்டு கழித்து வன்னியின் வீடுகளுட் புகுந்தது. அதற்குச் சற்று முன்னர், 1976இல், ‘அன்னக்கிளி’ படத்தின் வாயிலாக இளையராஜா திரையுலகிற்கு வந்திருந்தார். இவ்விரு வருகைகளும் ஒன்றையொன்று அடுத்து நேர்ந்தமை நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது.

கசெற் வந்தபின் எழுந்த நிலையம் றெக்கோடிங் பார் ஆகும். யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் இத்தகைய கடைகள் இருந்தன. சுவர் முழுதும் இசைத்தட்டு உறைகள். மேசைமேல் தட்டுச் சுழலும் கருவியும் பதிவுக் கருவிகளும். வாடிக்கையாளர் அப்பியாசக் கொப்பியிற் கிழித்த தாளிற் பாடல்களை நிரைப்படுத்தி எழுதி, வெறுங் கசெற் ஒன்றோடு கொடுத்துச் செல்வர். சில நாளின்பின் வந்து பெறுவர். உரிமைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்கின் இது முறையற்ற வாணிகமே. இசையமைப்பாளர்க்கோ தட்டு நிறுவனத்தார்க்கோ இதனால் ஒரு சதமும் சென்றதில்லை. எனினும், தேர்வு என்னும் செயல் முதன்முறையாக நுகர்வோன் கைக்கு முழுமையாக வந்தது இங்கேதான்.

அத்தாளை எழுதுதல் எளிய வேலையன்று. அறுபது நிமிடக் கசெற்றின் ஒரு பக்கம் முப்பது நிமிடம். திரைப்பாடல் ஒன்று நான்கு அல்லது நாலரை நிமிடம் கொள்ளும். ஆகவே, பக்கத்திற்கு ஆறு பாடல் திண்ணம், ஏழாவது ஐயம். ஏழாவதை எழுதினால் சரணத்தின் நடுவே நாடா முடிந்து ‘டக்’ என்று நின்றுவிடும். தொண்ணூறு நிமிடக் கசெற்றில் இருபது பாடல் வரை அடங்கும். ஆனால் அதன் நாடா மெல்லியது, எளிதிற் சிக்குவது, கருவியின் உருளையிற் சுற்றிக்கொள்வது. எனவே, அனுபவமுள்ளோர் அறுபதையே விரும்பினர். ஆண்டொன்றிற்குப் பல பத்துப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த ஒருவரின் படைப்பிலிருந்து பன்னிரண்டு பாடல் மட்டும் எடுக்க வேண்டும் என்றால், எதனை விடுவது என்பதே பெருஞ் சிக்கல்.

தாளின் தலைப்பு எதுவென்பதிலும் மாற்றம் ஏற்பட்டது. முன்னர்ப் படத்தின் பெயராலும் பாடகர் பெயராலும் எழுதினோர் 1980களில் இளையராஜா என்று தலைப்பிட்டு எழுதலாயினர். பாடுவோர் எவராயினும் ஆகுக. நடித்தோர் எவராயினும் ஆகுக. இசை வகுத்தவர் ஒருவரே தொகுப்பின் நூல் என்னும் கொள்கை அத்தலைப்பிற் பொதிந்துள்ளது. இதற்குத் தட்டு நிறுவனமும் துணைநின்றது. எக்கோ முத்திரையோடு வந்த தட்டுறைகளில் இளையராஜாவின் படமும் பெயரும் நடிகருக்கு ஒப்பாக இடம்பெற்றன. 1978இன் ‘முள்ளும் மலரும்’, 1980இன் ‘ஜானி’, ‘நிழல்கள்’, 1985இன் ‘முதல் மரியாதை’, 1986இன் ‘மௌன ராகம்’ என்பவற்றிலிருந்து ஒவ்வொன்றோ இரண்டோ எடுத்துத் தொகுப்போர் ஒருசாரார். கருநாடக இசைப் பயிற்சியுடையோர், ஆசிரியர்கள், கோயில் நாதசுரத்தோடு வளர்ந்தோர் 1985இன் ‘சிந்து பைரவி’யை முழுமையாகவே பதிந்தனர். அப்படத்தின் இசைக்கு இந்திய அரசின் தேசிய விருதும் கிட்டியது. தொகுப்பு மேலா, முழுமை மேலா என்னும் வழக்கு இன்றும் தீர்ந்திலது. முழுமையே மேல் எனக் கொள்ளத் தோன்றுகின்றது. ஒரு படத்தின் ஐந்து பாடல்களும் ஒன்றையொன்று நோக்கி அமைக்கப்பட்டவை. ஒன்றைப் பிடுங்கி வேறொன்றன் பக்கத்தில் நட்டால் அது சற்று வாடும். ஆனால் ஒரே கசெற்றை வைத்திருந்தவனிடம் இவ்வாதத்தைக் கூறுதல் பசித்தவனுக்கு விருந்தின் முறை கூறுதலை ஒக்கும்.

பாடல் அல்லாத இசை பற்றியும் இவ்விடத்துக் கூறுதல் வேண்டும். 1986இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். தியாகராஜ சுவாமிகளுக்கும் செருமானியர் யோகான் செபஸ்தியன் பாஹ் என்பவருக்கும் காணிக்கையாக்கப்பட்ட அத்தொகுப்பிற் பாட்டில்லை, படமில்லை, கருவியிசையே உண்டு. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு ‘நதிங் பட் விண்ட்’ வந்தது. ஓர் இசையமைப்பாளர்பாற் கொண்ட பற்று எத்தகையது என்பதற்கு இவையிரண்டும் உரைகல்லாயின. பன்னிரண்டு பாடல்களை விட்டுவிட்டு, சொல்லற்ற இசைக்கு ஒரு கசெற் முழுவதையும் கொடுக்கத் துணிந்தவர் சிலரே. துணிந்தவருக்கோ அது திரும்பத் திரும்பக் கேட்கத்தக்க செல்வமாயிற்று. சொல் தேய்ந்து சலித்தாலும் சுரம் சலிப்பதில்லை.

படத்தின் பின்னணியிசையோ வாங்கக் கிடைத்ததில்லை. பாடல்கள் மட்டுமே தட்டாயின. காட்சிகளின் கீழே ஓடும் இசை, படச்சுருளோடு பிணைந்தே கிடந்தது. இதற்கு ஒரு பக்கவழி இருந்தது. அதுவே கதைவசனத் தட்டு. 1959இன் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1965இன் ‘திருவிளையாடல்’ முதலியவற்றின் வசனத் தட்டுக்களை ஒலிபெருக்கியிற் கேட்டு, படத்தை ஒருமுறையேனும் காணாதவர்களும் வசனம் முழுவதையும் ஒப்புவித்தனர். அவ்வசனங்களின் ஊடே ஜி. இராமநாதனும் கே. வி. மகாதேவனும் வகுத்த பின்னணியிசையும் செவியேறிற்று. கேட்டவர் அதனை இசையென்று தனித்து எண்ணியிலர், எண்ணாமலே பழகினர்.

ஏனைய நாடுகளிலும் இதே காலத்தில் இதற்கு இணையான ஒன்று நிகழ்ந்தது. யப்பானில் வீடியோ விளையாட்டுக்களின் பின்னே ஒலித்த இசையைத் தனியே பிரித்து 1984இல் ஹருஓமி ஹோசோனோ இசைத்தட்டாக வெளியிட்டார். 1986இல் வெளிவந்த ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டுக்கு இசையமைத்த கோயிச்சி சுகியாமா, ஒரே வேளையில் மூன்று சுரவரிசைகளுக்கு மேல் ஒலிக்க இயலாத சிறு கருவிக்காகத் தாம் எழுதியதை மறு ஆண்டே தோக்கியோவில் முழு வாத்தியக் குழுவைக் கொண்டு மேடையேற்றினார். அங்கும் வாங்குவோர் முன் நின்ற வினா இதுவே: விளையாடாத விளையாட்டின் இசையை வாங்கலாமா? வாங்கலாம் என்றே பலர் விடை கூறினர். இன்று அவ்விசைக்கெனத் தனிச் சந்தையே உண்டு. படம் காணாது பாட்டு வாங்கிய வன்னியாருக்கு இவ்விடை புதிதன்று.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கிற்கான மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. தடைசெய்யப்பட்ட பொருள்களின் நிரலில் பற்றறியும் ஒன்று. ஓமந்தைக்கு வடக்கே கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகளிற் கசெற் கருவிகள் ஊமையாயின. அவற்றைப் பேசவைத்தது துவிச்சக்கரவண்டியின் டைனமோ. வண்டியைத் தாங்கியில் நிறுத்திப் பின்சில்லைச் சுழலவிட்டு ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து கம்பி வழியே வந்த மின்னால் வானொலியோ கசெற்றோ இயங்கிற்று. வானொலிக்குச் சிறிது மின்னே போதும். கசெற்றுக்கு நாடாவைச் சுழற்றும் மோட்டாரையும் இயக்க வேண்டுமாதலால் மிகுதியான மிதி வேண்டும். மிதிப்பவர் தளர்ந்தால் நாடாவும் தளரும். நாடா தளர்ந்தாற் சுருதி இறங்கும். பாடகரின் குரல் கிணற்றுள்ளிருந்து வருவதுபோல் ஆகி, மீண்டும் மிதித்தபோது ஏறும்.

இந்நிலையில் தேர்வின் இலக்கணமே மாறிற்று. முன்னர்த் தேர்வு வாங்கும்போது ஒருமுறை நிகழ்ந்தது. இப்போது கேட்கும் ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தது. ஒரு பாடலுக்கு நாலரை நிமிட மிதி விலை. முன்னோக்கி ஓட்டுவதற்கும் பின்னோக்கி ஓட்டுவதற்கும் மின்னைச் செலவிடலாகாது. பென்சிலைக் கசெற்றின் துளையிற் செருகிக் கையாற் சுற்றினர். பதினைந்து சுற்றா இருபது சுற்றா என்று கணக்கிட்டு வேண்டிய பாடலின் தலையில் நாடாவை நிறுத்தும் திறமை சிறுவர்களுக்கு வாய்த்தது. பழைய பற்றறிகளை வெயிலிற் காயவைத்து எஞ்சிய உயிரைப் பிழிந்தெடுத்தலும் உண்டு. அவ்வுயிரும் முதலில் செய்திக்கே உரியது, இசைக்கு மிச்சம்.

புதிய கசெற் அரிதாகவே, இருந்ததன்மேற் பதிதல் வழக்கமாயிற்று. ஒன்றைப் பதிய வேண்டுமாயின் வேறொன்றை அழித்தல் வேண்டும். வெளிநாடு சென்ற பிள்ளைகளுக்குக் கடிதத்திற்குப் பதிலாகக் குரலைப் பதிந்து அனுப்பும் வழக்கமும் அந்நாளில் இருந்தது. அதற்கும் கசெற்றே வேண்டும். விரும்பித் தொகுத்த பன்னிரண்டு பாடல்களின்மேல் தாயின் குரல் பதியப்பட்டுக் கனடாவுக்கோ செருமனிக்கோ போயிருந்தால், அதனை இசையின் இழப்பென்று எவரும் குறைகூறார். குரல் முடிந்த இடத்திற்குப் பின், அழியாது எஞ்சிய பாதிப் பாடலொன்று அங்கே ஒலித்திருத்தலும் கூடும்.

இதே ஆண்டுகளில் வவுனியா நகரம் அரச கட்டுப்பாட்டில் இருந்தது. அங்கு மின்சாரமும் கடைகளும் இருந்தன. 1992இல் ‘ரோஜா’ வாயிலாக ஏ. ஆர். ரஹ்மான் வந்தபோது வவுனியாக் கடைகளிற் கசெற் கிடைத்தது. வடக்கே இருந்தவர் திருச்சி வானொலியையும் கொழும்பையும் நம்பியிருந்தனர். ஒரே வன்னி நிலத்துள் ஒரு சாவடியின் இருபுறத்தும் இருவேறு இசைக்காலங்கள் ஒருங்கே நிலவின. வடக்கில் 1990 நவம்பரில் தொடங்கிய ‘புலிகளின் குரல்’ வானொலியும் இயக்கப் பாடல் ஒலிநாடாக்களும் பெரிதும் ஒலித்தன. திரையிசைப் பற்றாளர் பழைய தொகுப்புக்களையே மீளமீளக் கேட்டனர். ரஹ்மானின் 1995ஆம் ஆண்டு ‘பம்பாய்’ கசெற்றிற் பாடல்களோடு சொல்லற்ற கருவியிசை ஒன்றும் விற்பனைக்கு வந்தமை குறிப்பிடத்தக்கது. பின்னணியிசை பாட்டுக்குச் சமமாகக் கசெற்றில் இடம்பெறலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பேரெண்ணிக்கையில் இடம்பெயர்ந்தனர். அடுத்த ஆண்டில் அவருட் பலர் கிளாலிக் கடல்நீரேரியைக் கடந்து வன்னிக்கு வந்தனர். 1996 செப்டெம்பரிற் கிளிநொச்சியே வெறுமையாயிற்று. மல்லாவிக்கும் அக்கராயனுக்கும் புதுக்குடியிருப்புக்கும் போனோர் துவிச்சக்கரவண்டியிற் கட்டியவை அரிசியும் பாயும் சான்றிதழ்ப் பெட்டியுமே. கசெற் கருவி பாரமானது. கசெற்றோ உள்ளங்கை அளவினது. எனவே, கருவி கைவிடப்பட்டுக் கசெற் மட்டும் பயணம் செய்ததும் உண்டு.

2002இல் போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறக்கப்பட்டது. ஓரிரு மாதங்களிற் பத்தாண்டுப் பொருள்கள் ஒருசேர வந்தன. கசெற்றைத் தாண்டி இறுவட்டும், எம்பி3 தட்டும் வந்துவிட்டன. 700 மெகாபைட் கொள்ளும் ஒரு தட்டில் நூற்றைம்பது பாடல் வரை அடங்கும். ஏறத்தாழப் பன்னிரண்டு மணிநேர இசை. கிளிநொச்சிக் கடைகளில் இளையராஜா என்று மட்டும் எழுதிய தட்டுக்கள் தொங்கின. பன்னிரண்டு பாடலைத் தேர்வதற்கு இரவிரவாக எண்ணியவனிடம் நூற்றைம்பதைக் கொடுத்து, போ என்றது புதிய காலம். அத்தட்டுக்களில் எழுதிய கவிஞர் பெயர் இல்லை. பல வேளை பாடியவர் பெயரும் இல்லை. வேறொருவர் இசையமைத்த பாடலும் இளையராஜா பெயரின்கீழ் நுழைந்துவிட்டது. வானொலி அறிவிப்பாளர் நாற்பதாண்டாகப் பழக்கிய நல்வழக்கு இத்தட்டுக்களிற் சிதைந்தமை வருந்தத்தக்கது.

இப்பெருக்கின் நடுவே உண்மையான தேர்வொன்றை 2005 யூன் இறுதியில் வெளிவந்த ‘திருவாசகம்’ எழுப்பிற்று. மாணிக்கவாசகர் பாடல்கள் ஆறனை எடுத்து, புடாபெஸ்ட் வாத்தியக் குழுவோடு இளையராஜா அமைத்த தொகுப்பு அது. மார்கழி விடியலிற் கோயில் தோறும் திருவெம்பாவை ஓதும் வன்னிச் சைவர்க்குத் திருவாசகம் புதிதன்று. அதனை மோகன இராகத்தில் ஓதுவதே மரபு. மரபு மாறிய இசையை வாங்கி வீட்டில் வைக்கலாமா என ஐயுற்றவர் ஒருபுறம். இசையமைப்பாளர்பாற் கொண்ட பற்றினாற் கேட்கத் தொடங்கி, பின்னர்ப் பாடலின் பொருளை மூலநூலிற் சென்று தேடிய இளைஞர் மறுபுறம். ஓதுவார் மோகனத்தை அது அகற்றவில்லை; அகற்ற முயலவும் இல்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்திருத்தல் முரணன்று.

2006 ஆகத்தில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009 சனவரியிற் கிளிநொச்சி இராணுவத்தின் கைக்குச் சென்றது. மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிந்தது. இடையே, மக்கள் ஊரூராகக் கிழக்கு நோக்கி ஒதுங்கினர். ஒவ்வொரு ஊரிலும் பொருள்களைக் குறைத்தனர். இறுதியிற் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிற்கு உடுத்த துணியோடு வந்தவர் பலர். உயிர்களை எண்ணும் இடத்தில் ஒலிநாடாக்களை எண்ணுதல் பொருந்தாது. வரலாற்றுக்காக ஒன்று மட்டும் குறித்தல் அமையும்: கால் நூற்றாண்டுக் காலம் ஒரு நிலத்து மக்கள் தம் செவியாற் செய்த தேர்வின் எழுத்துச் சான்றுகள், அதாவது கசெற் உறையுள் மடித்து வைத்த அக்கையெழுத்து அட்டைகள், பெரும்பாலும் அவ்வழியிலேயே அழிந்தன. அவற்றில் ‘அ’ பக்கம், ‘ஆ’ பக்கம் எனப் பிரித்துப் பாடல்கள் எழுதப்பட்டிருந்தன. அடித்துத் திருத்திய வரிகளும் இருந்தன. அடிக்கப்பட்ட வரி, விடப்பட்ட பாடல். நூல் எழுதாத ஒரு சமூகத்தின் இசைத் திறனாய்வு அவ்வட்டைகளில்தான் இருந்தது.

2013இல் புகையிரதம் மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது. இப்போது கைபேசியில் எந்தப் பாடலும் கேட்ட அளவில் வருகின்றது. பின்னணியிசைக்கும் தனி மதிப்பு வந்துவிட்டது. 2009இன் ‘பழசிராஜா’வுக்கும் 2016இன் ‘தாரை தப்பட்டை’க்கும் பின்னணியிசைக்கென்றே இளையராஜா தேசிய விருது பெற்றார். 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் அவரது சிம்பொனி அரங்கேறியது. அந்நகரில் வாழும் ஈழத்தமிழர் தொகையை எண்ணின், அவ்வரங்கில் ஒருகாலத்து டைனமோ மிதித்த கால்கள் சில இருந்திருத்தல் இயல்பே.

எஞ்சிய கசெற்றுக்கள் ஆங்காங்கே உள. வவுனியா நகர வீடுகளிலும், முன்னரே யாழ்ப்பாணத்திற்கு அனுப்பப்பட்ட பெட்டிகளிலும், வெளிநாட்டு உறவினரின் அலுமாரிகளிலும் அவை கிடைத்தல் கூடும். நாடாவின்மேற் பூசிய காந்தப்பொடி ஆண்டுக்காண்டு உதிர்கின்றது. ஈரம் பட்ட நாடா ஒன்றோடொன்று ஒட்டுகின்றது. ஒலியைக் காப்பதற்கு முன்னரே அட்டையைப் படமெடுத்தல் வேண்டும். ஏனெனில் அப்பாடல்கள் உலகெங்கும் உள்ளன, அட்டையோ ஒன்றே உள்ளது.